பெட்டியின் அகலமான பக்கத்தில்தான் அதிகம் பேரா?

தேர்வு மதிப்பெண்களுக்குப் போட்ட ஒரு பாக்ஸ் பிளாட்டில் (எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதை ஒரு பெட்டியாகக் காட்டும் வரைபடம்) நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் பெட்டி இரண்டு மடங்கு அகலமாக இருக்கிறது, அப்படியென்றால் நிறைய மாணவர்கள் அந்தப் பக்கம்தானே என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய சம எண்ணிக்கைதான். பாக்ஸ் பிளாட்டைப் படிப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே பார்த்துவிடலாம்.

11 பேரின் மதிப்பெண்களை ஏறுவரிசையில் எழுதுவோம்: 10, 42, 50, 52, 55, 58, 60, 68, 75, 80, 95. நடுவில் இருப்பது 6வது எண், 58. அதுதான் இடைநிலை அளவு, பெட்டிக்குள் தெரியும் கோடு. அதற்குக் கீழே உள்ள ஐந்து எண்களின் நடு எண் 50, மேலே உள்ள ஐந்தின் நடு எண் 75. இவை முதல் கால்மானமும் மூன்றாம் கால்மானமும். பெட்டியின் இரு விளிம்புகள்.

இப்போது பாருங்கள், கோட்டுக்கு இடப்பக்கம் பெட்டியின் அகலம் 8, வலப்பக்கம் 17. ஆனால் 50க்கும் 58க்கும் நடுவே இரண்டு பேர், 58க்கும் 75க்கும் நடுவேயும் அதே இரண்டு பேர்தான், அவர்கள் தள்ளித்தள்ளி நிற்கிறார்கள், அவ்வளவே. அகலம் சொல்வது பரவலை. குறுகிய பகுதியில்தான் கூட்டம் நெருக்கம்.

சரி, பெட்டிக்கு வெளியே தனியாக ஒரு புள்ளி தெரிந்தால்? பெட்டியின் நீளம் 25. அதன் ஒன்றரை மடங்கான 37.5ஐ 50இலிருந்து கழித்தால் 12.5. பத்து மதிப்பெண் அதற்கும் கீழே போய்விட்டதால் புள்ளியாக நிற்கிறது, பெட்டியிலிருந்து வெளியே நீளும் மீசைக்கோடு 42உடன் முடிகிறது. இந்த ஒன்றரை மடங்கு வழக்கம் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி கொடுத்தது. புள்ளியாக விழுந்ததாலேயே அந்த எண் தப்பு என்று அழித்துவிடாதீர்கள், தயவுசெய்து. ஏன் அப்படி வந்தது என்று முதலில் விசாரியுங்கள்.

அப்புறம், சில மென்பொருள்கள் நடு எண்ணை இரண்டு பாதியிலும் சேர்த்துக் கணக்கிடும், அப்போது இதே மதிப்பெண்களுக்குக் கால்மானங்கள் 51, 71.5 என்று வரும். இரண்டுமே ஏற்கப்பட்ட முறைகள்தான்.

எத்தனை பேரின் மதிப்பெண் என்பதைப் பெட்டி சொல்லாது. கூட்டம் இரண்டு இடத்தில் குவிந்திருந்தாலும் காட்டாது. அதனால் எண்கள் கையில் இருந்தால் பெட்டியின் மேலேயே எல்லாப் புள்ளிகளையும் போட்டுப் பாருங்கள்.