பிளட் கேன்சர் கேள்வி பதில்: ஒரு டாக்டர் போதாதா, எதுக்கு அஞ்சாறு பேரு?

அபூர்வமான ரத்தப் புத்துநோய் பத்தி நிறைய கேள்வி சேந்து போச்சு. பாளையங்கோட்டையில ஓபி முடிச்சிட்டு ராத்திரி உக்காந்து எழுதுதேன், தூக்கக் கலக்கத்துல பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு தங்கச்சி: "அப்பாவுக்கு 61 வயசு. குத்தாலத்துல குளிச்சிட்டு வந்தா உடம்பெல்லாம் அரிக்குதுன்னு சொல்லிட்டே இருந்தாவ. ஹீமோகுளோபின் 19. பாலிசைத்தீமியா வேரான்னு சொல்லி ரத்தத்த எடுத்து வெளிய விடுதாவ. இதுவும் கேன்சரா?"

ஆமாம்மா, ரத்தத்துல சிவப்பணு அளவுக்கு மீறி பெருகுற நோய் இது, பிளட் கேன்சர் வகையிலதான் வருது, ஆனா மெதுவா நகர்ற ஜாதி, ஒழுங்கா பாத்துக்கிட்டா வருஷக்கணக்கா நல்லா இருக்கலாம். குளிச்சப்புறம் வர்ற அரிப்பு இதுக்கே உரிய அடையாளம், பாதிப் பேரு தோல் டாக்டர்கிட்ட போய் களிம்பு வாங்கிட்டு வருவாவ. ஜாக்2ன்னு ஒரு ஜீன்ல வர்ற மாற்றம் காரணம், 2005-ல கண்டுபிடிச்சது, இந்த நோய் உள்ள 100 பேர்ல சுமார் 95 பேருக்கு அது இருக்கும். ரத்தம் கெட்டியாகி மூளையிலயோ இதயத்துலயோ அடைச்சிரக் கூடாது, அதுதான் முதல் கவலை. அதனாலதான் ரிப்போர்ட்ல பிசிவின்னு போட்டிருக்குல்லா, ரத்தத்துல சிவப்பணு எத்தன சதவீதம்னு சொல்ற எண்ணு, அத 45-க்கு கீழ வச்சிருக்கப் பாக்கோம்.

டீம் எதுக்குன்னு கேட்டீங்கன்னா இத கேளுங்க. ரத்தம் எடுக்க எடுக்க உடம்புல அயர்ன் குறையும், அது நாங்க எதிர்பாக்குறதுதான். ஆனா உங்க ஊர்ல சளிக்குப் போற இடத்துல ரிப்போர்ட்ட பாத்துட்டு "ரத்தசோகை வரப்போகுது"ன்னு அயர்ன் மாத்திரை எழுதுவாவ, வீட்ல ஆச்சி டானிக் வாங்கிக் கொடுப்பாவ, மறுபடி பிசிவி 52-ல வந்து நிக்கும். எல்லாரும் நல்ல மனசோடதான் செஞ்சிருப்பாவ, ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கல, அவ்வளவுதான். முருங்கக்கீர சோத்தோட சாப்பிடட்டும், மாத்திரையும் டானிக்கும் ரத்தநோய் டாக்டர் சொல்லாம வேண்டாம்.

கடையநல்லூர் அண்ணாச்சி: "இங்கயே போன் மேரோ (எலும்பு மஜ்ஜை) எடுத்தாச்சு, ரிப்போர்ட் கையில இருக்கு. வேலூர் போனா முதல்ல இருந்து ஆரம்பிக்காவளே, காசு புடுங்கவா?"

இல்ல அண்ணாச்சி. ரிப்போர்ட்டுங்கிறது ஒருத்தர் மைக்ராஸ்கோப்புல பாத்துட்டு எழுதின கருத்து, அவங்களுக்கு வேண்டியது அவர் பாத்த பொருள். வருஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோ வர்ற நோய தினமும் அதையே பாக்குற கண்ணு பாக்கணும். அதனால ஸ்லைடையும் பிளாக்கையும் லேப்ல கேட்டு, கையெழுத்து போட்டு வாங்கிட்டுப் போங்க. பிளாக்குன்னா பெருசா ஒண்ணுமில்ல, சின்ன பிளாஸ்டிக் சட்டத்துல மெழுகு, அதுக்கு நடுவுல ஈர்க்குச்சித் துண்டு மாதிரி உங்க எலும்பு. வெயில்ல நிறுத்துன வண்டி டிக்கியில மட்டும் போட்டு வச்சிராதீங்க, நம்மூரு வெயிலுக்கு மெழுகு இளகிரும். என் சொந்த அத்தைக்கே ஒரு லேப்ல பிளாக்க தொலச்சிட்டு ஒரு மாசம் எங்கள அலைய விட்டாவ, டாக்டர் வீட்டுக்கே அந்தக் கதி.

இருந்தாலும் சில நேரம் இடுப்பெலும்புல இன்னொரு குத்து வாங்கித்தான் ஆகணும். குரோமோசோம் பாக்கணும்னா உயிரோட இருக்க செல் வேணும், மெழுகுல அது கிடையாது. அப்புறம் பெத்தாலஜிஸ்ட், ஜீன் லேப் ஆளு, ரத்தநோய் டாக்டர், ஸ்கேன் டாக்டர், பிளட் பேங்க் டாக்டர் எல்லாரும் ஒரே மேசையில உக்காந்து ஒரு கேஸ பேசுவாவ, டியூமர் போர்டுன்னு பேரு. நான் ஒரு முடிவோட உள்ள போயி வேற முடிவோட வெளிய வந்த நாள் உண்டு, அதுல எனக்கு வெக்கமே கிடையாது.

திசையன்விளை: "அண்ணனுக்கு சென்னையில கீமோ. வீட்டுக்கு வந்த எடத்துல காய்ச்சல் வந்தா நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏத்திரலாமா?"

ஏத்தவே ஏத்தாதீங்க! கீமோவுக்கு அப்புறம் வெள்ளை அணு கம்மியா இருக்கப்போ காய்ச்சல் 100.4 டிகிரி தாண்டுச்சுன்னா, ஆஸ்பத்திரிக்குள்ள போன ஒரு மணி நேரத்துல நரம்பு வழியா ஆன்டிபயாடிக் ஏறணும், ராத்திரி பூரா ரயில்ல போனா ஆளே கை நழுவிரும். பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும்னு பாக்குறதும் தப்பு. ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியோ, பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரி எதுவோ, நேரா அங்க போங்க. சென்னை டாக்டர்கிட்ட இப்பமே ஒரே ஒரு பக்கம் லெட்டர் வாங்கி வைங்க: என்ன நோய், கடைசி கீமோ என்னைக்கு, கடைசி அணு எண்ணிக்கை, என்ன மருந்து ஆகாது, எந்த நம்பருக்கு போன் போடணும். ஜவுளிக்கடை பை நெறைய ரிப்போர்ட்ட கொட்டுனா ராத்திரி டியூட்டி டாக்டர் எத படிப்பாரு பாவம்.

வள்ளியூர்: "எனக்கும் தம்பிக்கும் பிளட் குரூப் வேற. அவனுக்கு நான் மேரோ கொடுக்க முடியாதுல்லா?"

முடியும். பாக்க வேண்டியது எச்எல்ஏ, அதாவது நம்ம செல்லு மேல இருக்க அடையாளக் குறி, பிளட் குரூப் இல்ல. கூடப் பொறந்த ஒவ்வொருத்தருக்கும் முழுசா பொருந்த நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. பாதி பொருந்தினாலும் இப்ப செய்யுதாவ, அதனால அப்பா அம்மா பிள்ளைகளையும் பாக்கலாம். நாளாவட்டத்துல தம்பிக்கு உங்க குரூப்பே வந்துரும், பாத்து பயந்துராதீங்க.

சங்கரன்கோவில்: "கூட சித்த மருந்தும் சாப்பிடலாமா?"

நான் திட்ட மாட்டேன், ஆனா மறைக்காதீங்க, பொட்டலத்த கொண்டு வந்து மேசையில வைங்க. ஏபிஎல்னு ஒரு வகை ரத்தப் புத்துநோய்க்கு ஆர்செனிக் ட்ரையாக்ஸைடுதான் எங்க பெரிய ஆயுதம், நம்மாளுக வெள்ளைப் பாஷாணம்னு சொல்றது அதேதான். ஆனா அத சுத்தம் பண்ணி, அளந்து, நரம்புல ஏத்தி, இசிஜி பாத்துக்கிட்டே கொடுப்போம். பொடியில எவ்வளவு இருக்குன்னு தெரியாம அத முழுங்குறது வேற கத.

முக்கூடல்: "ரயில்ல சலுகை உண்டா?"

உண்டு. சிகிச்சைக்குப் போய்வர ஸ்லீப்பர், தேர்டு ஏசியில நோயாளிக்கு முழு டிக்கெட்டும் இலவசம், கூட வர்ற ஒருத்தருக்கு 75 சதவீதம் கழிவு. ஆஸ்பத்திரியில ரயில்வே ஃபாரத்த கேட்டு, சீல் சரியா விழுந்திருக்கான்னு அங்கயே பாத்துட்டு வாங்க.