அயர்லாந்தின் காங் கிராமத்தில் தண்ணீரே இல்லாத கால்வாய் இருக்கிறதாமே, ஏன்?

உண்மைதான். மேயோ கவுண்டியில் மாஸ்க், கோரிப் என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் காங். படகு போக இரண்டையும் இணைக்கலாம் என்று 1840-களின் பஞ்ச காலத்தில் கால்வாய் வெட்டினார்கள். அடியில் இருந்ததோ சல்லடை மாதிரி சுண்ணாம்புப் பாறை. விட்ட தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டது. 1854-ல் கைகழுவினார்கள். மாஸ்க் ஏரித் தண்ணீர் என்னவோ பூமிக்கடியிலேயே ஓடிவந்து காங்கில் ஊற்றாகப் பொங்குகிறது!

இங்கிலாந்தை ஆண்ட நார்மன்கள் படையெடுத்து வந்தபோது அயர்லாந்தின் பேரரசராக இருந்த ரோரி ஓ'கானர் 1198-ல் இறந்தது இவ்வூர் மடத்தில்தான். எனக்கு அதைவிடப் பிடித்தது, ஆற்றின் மேலேயே துறவிகள் கட்டிய கல் குடில். தரையில் ஒரு ஓட்டை. அதன் வழியாக மீன் பிடிப்பார்கள். மீன் சிக்கியதும் மடத்து அடுக்களையில் மணி அடிக்கக் கயிறு கட்டியிருந்தார்களாம். அது ஊர்க்கதை; குடில் இன்றும் நிற்கிறது.