வாசகர் கேள்வி – பதில்: கொரியாவின் கடைசி இளவரசி

கேள்வி: கொரியப் பேரரசின் கடைசி இளவரசி தொக்ஹே எந்த ஆண்டு இளவரசிப் பட்டம் பெற்றார்? வீட்டில் எல்லோரும் கொரியத் தொடர் பார்க்கிறோம். ஆளுக்கொரு ஆண்டு சொல்கிறார்கள்.
- வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. பேரரசு இருந்தபோது அவர் பட்டம் பெறவில்லை; அரச குடும்பத்தவராகப் பதிவானதே 1917-இல்தான். பேரரசு நீடித்தது 1897 முதல் 1910 வரைதான். தொக்ஹே பிறந்ததோ 1912-இல், நாடு ஜப்பானிடம் போன பிறகு. தாய் அரண்மனைப் பணிப்பெண் என்பதால் ஜப்பானிய நிர்வாகம் குழந்தையை அரச குடும்பப் பதிவேட்டில் சேர்க்க மறுத்தது. தந்தை, முன்னாள் பேரரசர் கோஜோங், போராடி 1917-இல்தான் பெயரைச் சேர்த்தார். மகளுக்காக தொக்சுகுங் அரண்மனைக்குள்ளேயே மழலையர் பள்ளியும் நடத்தினார். 1919-இல் தந்தை இறந்ததும் அந்தப் பாதுகாப்பு போயிற்று.

1925-இல், படிப்பு என்ற பெயரில், தொக்ஹேயை ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள். 1929-இல் தாய் மரணம். அடுத்து மனச்சிதைவு நோய். அந்த நிலையிலேயே 1931-இல் ஜப்பானின் சுஷிமா தீவுப் பிரபு வம்சத்து சோ தகேயுகிக்கு மணமுடித்தார்கள். இதை மன்னிக்கவே முடியவில்லை. மகள் பிறந்தாள்; பின்னாளில் மணமுறிவு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் தாயகம் திரும்ப உடனே அனுமதி கிடைக்கவில்லை, 1962-இல்தான் வந்தார். சியோலின் சாங்தொக்குங் அரண்மனையில் நக்சன்ஜே இல்லத்தில் வாழ்ந்து, 1989 ஏப்ரல் 21 அன்று இறந்தார்.