முறை மாறும்போது

அன்புள்ள ஆலோசகர் அம்மா,

நான்கு மாதங்களாக ஓர் உளச்சிகிச்சையாளரிடம் போகிறேன். முதலில் மனதில் ஓடும் எண்ணங்களைக் கட்டம் போட்டு எழுதச் சொன்னார். சிபிடி என்றார், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சிகிச்சையாம். உதவியாகத்தான் இருந்தது. திடீரென்று ஒருநாள் அப்பாவைப் பற்றிக் கேட்டார். போன வாரம் எதிரே காலி நாற்காலியைப் போட்டு, அப்பா அதில் இருப்பதாக நினைத்துப் பேசுங்கள் என்றார். அன்றிரவு நான் தூங்கவில்லை. இணையத்தில் தேடினால் இதெல்லாம் வேறு வேறு சிகிச்சை என்கிறார்கள். இவருக்கு எதுவுமே முழுதாகத் தெரியாதோ? ஒரே முறையைச் செய்பவரிடம் மாறிவிடவா? எது சிறந்த முறை?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எது சிறந்த முறை என்ற கேள்வியை ஒதுக்கிவிடுகிறேன். வெவ்வேறு முறைகளுக்குள் பொதுவான சில அம்சங்கள் மறைந்திருந்து வேலை செய்யலாம் என்று 1936இலேயே சால் ரோசன்ஸ்வைக் என்ற உளவியலாளர் எழுதினார். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. கலப்பதும் குற்றமில்லை. ஒரு கோட்பாட்டை ஏற்காமலேயே அதன் உத்தியை எடுத்துக்கொள்ளலாம் என்று ஆர்னால்ட் லாசரஸ் என்ற உளவியலாளர் 1967இல் வெளிப்படையாகவே வாதிட்டார்.

கொஞ்ச நாளாக நான் யோசித்துக்கொண்டிருப்பது, முறை யாருக்காக மாறுகிறது என்பதைப் பற்றி. எதிரே இருப்பவர் அழுகிறார். சிகிச்சையாளருக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. உடனே எண்ணப் பட்டியலை எடுத்து நீட்டுகிறார். அதைக் கலப்பு முறை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அங்கே தப்பித்தது சிகிச்சையாளர். இதற்கு நேர்மாறானதும் நடக்கிறது. வாராவாரம் குழந்தைப் பருவக் கதை சுவையாக ஓடும், பயந்த விஷயம் மட்டும் தொடப்படாமலே கிடக்கும். அதில் இருவரும் சேர்ந்து தப்பிக்கிறார்கள்.

பயிற்சிக் காலத்தில் மூத்த சிகிச்சையாளர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். ஓசிடியால், அதாவது ஒரே பயமும் அதைத் தணிக்கும் செயலும் திரும்பத் திரும்ப வரும் மனநோயால், ஓயாமல் கைகழுவும் பெண் ஒருத்தி வந்தாள் (அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன்). பயப்படும் பொருளைத் தொட வேண்டும், தொட்டபின் கழுவக் கூடாது. அதுதான் அவளுக்கான சிகிச்சை. அன்று கதவுக் கைப்பிடியைத் தொட வேண்டிய நாள். கைப்பிடியைப் பார்த்ததும் அவள் இறந்துபோன அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அதுவரை அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. குரல் உடைந்தது.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கைப்பிடியைப் பிடி என்பது கொடூரம். கைப்பிடியை விட்டுவிட்டால் பயம் ஜெயித்துவிடும். அவர் அவளிடமே கேட்டார்: "அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும்போல இருக்கிறதா, கைப்பிடியிலிருந்து தப்ப வேண்டும்போல இருக்கிறதா?" அவள் யோசித்துவிட்டு, "ரெண்டும்தான்" என்றாள். "சரி, அப்போ ரெண்டையும் செய்வோம்."

அவள் எழுந்து போய்க் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். அப்புறம் கழுவாத கைகளை மடியில் விரித்து வைத்தபடி அம்மாவின் கடைசி நாட்களைச் சொன்னாள். அவர் எதையும் எழுதவில்லை, திருத்தவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரே ஒரு முறை, "கை எப்படி இருக்கிறது?" என்றார். அவள் குனிந்து பார்த்து, "அப்படியேதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள். அடுத்த வாரம் அவள் பயப்படும் பொருட்களின் பட்டியலில் இருந்த அடுத்த பொருளுக்குப் போனார்கள். துக்கம் பேசியாகிவிட்டது என்று அந்த வேலையை அவர் கைவிடவில்லை. பல முறைகளைப் படித்தவர்கள் நிறையப் பேர். ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போய்விட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பி வரத் தெரிந்தவர்கள் குறைவு.

இப்போது உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும். தூக்கம் போன இரவை முகம் தெரியாத எனக்கு எழுதுகிறீர்கள், இணையத்தில் தேடுகிறீர்கள். அவரிடம் சொன்னீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் சிகிச்சை உறவை மூன்றாகப் பிரித்தார்: இருவருக்கும் இடையிலான பிணைப்பு, எங்கே போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்கு என்ன செய்கிறோம் என்பதில் உடன்பாடு. அந்த மூன்றாவதுதான் உங்களிடம் ஆட்டம் கண்டிருக்கிறது. அதைச் சரிசெய்ய அவருக்கு நீங்கள் சொன்னால்தானே தெரியும்?

அப்பாவோடு பேசியது வலித்திருக்கிறது, அது எனக்குப் புரிகிறது. அந்த வலியைத் தனியாகச் சுமக்காதீர்கள். அடுத்த முறை போனதும் முதல் ஐந்து நிமிடத்திலேயே கேளுங்கள்: "எழுதுவதை விட்டு நாற்காலிக்கு ஏன் வந்தோம்? எழுதியதில் எதைப் பார்த்தீர்கள்?" நாற்காலி இப்போதைக்கு வேண்டாம் என்றும் சொல்லலாம், அது உங்கள் உரிமை. உங்கள் வாழ்க்கையிலிருந்தே அவர் காரணம் எடுத்துச் சொன்னால் அங்கேயே இருங்கள். எரிச்சல்பட்டாலோ, பயிற்சிச் சான்றிதழ்களை அடுக்கினாலோ எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு ஆளைத் தேடுவது பற்றி அப்போது பேசலாம்.