மலை பஸ்ஸில் வாந்தி, சனிக்கிழமை தலைவலி

கேள்வி: எனக்கு வயது 21. சேலம் கருப்பூரில் விடுதியில் தங்கி முதுகலை படிக்கிறேன். வீடு ஏற்காட்டில். வாரம் முழுக்க ரெக்கார்டு, இன்டர்னல், செமினார் என்று இரவு ஒரு மணிக்குத்தான் படுக்கிறேன். காலை ஆறரைக்கு எழ வேண்டும். சமாளிக்க நாளுக்கு ஐந்து காபி குடிக்கிறேன். வெள்ளி மாலை ஊருக்கு பஸ் ஏறினால் பாதி மலையில் வாந்தி வருகிறது. அதற்குப் பயந்து மதியச் சாப்பாட்டையே விட்டுவிடுகிறேன். சனிக்கிழமை பதினொரு மணிக்கு எழுந்தால் தலையின் ஒரு பக்கம் துடிக்கிறது, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. "மலைக்காத்து உனக்கு ஒத்துக்கல" என்கிறார் அம்மா. ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பதில்: அம்மாவின் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுவோம். ஏற்காட்டின் உயரம் சுமார் 1,500 மீட்டர். உயரத்தால் வரும் தலைவலியும் வாந்தியும் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல் போனால்தான் தொடங்கும். அதோடு, நீங்கள் பிறந்து வளர்ந்த ஊர்க் காற்று, படிக்கப் போன பிறகு ஒத்துக்கொள்ளாமல் போகாது. காரணம் காற்றில் இல்லை, உங்கள் வெள்ளிக்கிழமையில் இருக்கிறது.

பஸ் விஷயத்துக்கு வருகிறேன். உள்காதில் உள்ள அரைவட்டக் குழாய்கள், பஸ் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் திரும்புவதை மூளைக்குச் சொல்கின்றன. கண் அந்த நேரத்தில் செல்போனிலோ முன்சீட்டின் முதுகிலோ நின்றால், எதுவும் அசையவில்லை என்று சொல்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலாக வருகிறது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றில் கிளம்பிய குமட்டல் அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். ஓட்டுநருக்கு வாந்தி வராததற்குக் காரணம், திருப்பம் வருவதை அவர் முன்கூட்டியே அறிந்திருப்பதுதான். நீங்களும் அவர் பார்க்கும் சாலையையே பார்க்கும்படி முன் வரிசையில் உட்காருங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள சீட்டுகள்தான் அதிகம் வீசி ஆடும். அது மட்டும் வேண்டாம். முன்னால் இடமில்லை என்றால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பது நல்லது. அடிவாரம் வந்ததும் செல்போனைப் பையில் வையுங்கள். ஜன்னலைத் திறந்து, தலையைச் சீட்டில் சாய்த்து அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் வயிற்றில் போனால் வாந்தி வராது என்பது தவறான கணக்கு. காலி வயிறும் குமட்டும். வருவது பித்தநீராக வரும், அவ்வளவுதான். மதியம் வழக்கம்போல் சாப்பிடுங்கள். ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லியோ நாலு பிஸ்கட்டோ போதும். பஸ் ஸ்டாண்டு பஜ்ஜியும் புரோட்டாவும் அன்றைக்கு வேண்டாம்.

மாத்திரை வேண்டுமென்றால் ப்ரோமெத்தசின் தியோக்ளேட் 25 மி.கி. (அவோமின் என்று கேட்டால் தெரியும்) ஒன்று, புறப்படுவதற்கு ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் முன்பு. பலர் செய்யும் தவறு, குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்குவது. அப்போது இரைப்பை கிட்டத்தட்ட வேலைநிறுத்தம் செய்துவிடும். மாத்திரை குடலுக்கு இறங்காமல் அங்கேயே கிடந்து வாந்தியோடு வெளியே வரும். இது நன்றாகத் தூக்கம் வரவைக்கும். ஆகவே சளிக்கு எடுக்கும் செட்டிரிசின் போன்றவற்றோடு சேர்க்காதீர்கள், இறங்கியதும் ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள். திங்கள் அதிகாலை பஸ்ஸுக்கும் போட்டால் முதல் இரண்டு வகுப்பும் தூக்கத்தில் போகும். திரும்புவதை ஞாயிறு மாலைக்கு மாற்றிக்கொள்வது உத்தமம். ஒண்டான்செட்ரான் மற்ற வாந்திகளுக்கு நல்ல மருந்துதான், பயண வாந்திக்கு உதவாது. சுக்குப்பொடி ஒரு கிராம் சிலருக்குக் கேட்கிறது. எலுமிச்சம்பழம் முகர்ந்தால் கெடுதல் இல்லை.

இறங்கும்போது காது அடைத்தால் எச்சில் விழுங்கினாலோ, தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்தாலோ திறந்துவிடும்.

இனி சனிக்கிழமை. ஒரு பக்கத் துடிப்பு, வெளிச்சம் ஆகாமை, பயண வாந்தி மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இது ஒற்றைத் தலைவலி (மைக்ரேன்) போலத் தெரிகிறது. மைக்ரேன் உள்ளவர்களுக்குப் பயண வாந்தி மற்றவர்களைவிட அதிகம். மைக்ரேன் மூளை ஒழுங்கு மாறினால் பொறுக்காது. நீங்களோ ஒரே இரவில் நாலு ஒழுங்கை மாற்றுகிறீர்கள்: சாப்பாடு இல்லை, வாந்தியில் நீர் போகிறது, வழக்கத்தைவிட நாலரை மணி நேரம் தாமதமாக எழுகிறீர்கள், காபியும் நின்றுவிடுகிறது.

இந்தக் காபியைத்தான் யாரும் சந்தேகிப்பதில்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதலில், 150 மி.லி. டிகாக்ஷன் காபியில் 80 முதல் 120 மி.கி. கஃபீன், நாளுக்கு 300 மி.கி.க்கு மேல் வேண்டாம் என்று இருக்கிறது. சிக்கரி கலந்ததில் கஃபீன் சற்றுக் குறையும், ஆனாலும் ஐந்து டம்ளர் அளவை மீறக்கூடியதே. பழகிய உடலுக்கு அது கிடைக்காமல் போனால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். வெள்ளி மாலை நாலு மணிக்குக் கடைசிக் காபி என்றால், சனி பதினொரு மணிக்கு 19 மணி நேரம் ஆகிவிட்டது. காபித் தோட்டங்களுக்கு நடுவே இருந்துகொண்டு காபி கிடைக்காமல் வரும் தலைவலி!

அதற்காக ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். மூன்று நாளுக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்து இரண்டில் நில்லுங்கள். இரண்டாவதும் பிற்பகல் இரண்டு மணிக்குள் முடியட்டும். சனிக்கிழமையும் முதல் காபி விடுதியில் குடிக்கும் அதே நேரத்தில். ஏழரைக்கு எழுந்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டு, மதியம் அரைமணி நேரம் கண்ணயரலாம். வெள்ளி இரவு வீடு சேர்ந்ததும், வாந்தி எடுத்திருந்தால், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து ஒரு டம்ளர் சிறிது சிறிதாகக் குடியுங்கள். பிறகு கஞ்சியோ ரசம் சாதமோ சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். வார நாட்களில் ஒரு மணி என்பதை நள்ளிரவுக்காவது கொண்டுவர முடிந்தால் சனிக்கிழமை அவ்வளவு தூக்கம் தேவைப்படாது.

வலி வந்துவிட்டால் பாராசிட்டமால் 650 மி.கி. ஒன்று, வலி லேசாக இருக்கும்போதே. மைக்ரேனிலும் இரைப்பை மந்தமாகும் என்பதால் தாமதித்தால் வேலை செய்யாது. கடையில் கிடைக்கும் சில தலைவலி மாத்திரைகளில் கஃபீனும் கலந்திருக்கும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அப்படிப்பட்ட கூட்டு மாத்திரைகளை மாதத்தில் பத்து நாளுக்கு மேல் எடுத்தால், அந்த மாத்திரையே தினசரி தலைவலியைக் கொண்டுவரும்.

ஸ்கேன் இப்போது தேவையில்லை. வலி வந்த நாள், மாதவிடாய் நாள், எடுத்த மாத்திரை மூன்றையும் காலண்டரில் இரண்டு மாதம் குறியுங்கள். மாதம் நாலு நாளுக்கு மேல் வந்தால், அந்தத் தாளோடு சேலம் அரசு மருத்துவமனையிலோ உங்கள் மருத்துவரிடமோ காட்டுங்கள். தடுப்பு மருந்து உண்டு. ஆஸ்துமா இருந்தால் சொல்ல மறக்க வேண்டாம், சில தடுப்பு மருந்துகள் ஆகாது. ஹீமோகுளோபினும் ஒருமுறை பாருங்கள்.

இவற்றில் ஒன்று நேர்ந்தால் அன்றே போக வேண்டும்: ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், படுத்தால் கூடும் வலி.