நெஞ்சு இறுக்கத்தை ‘கேஸ்’ (வாயுத் தொல்லை) என்று விட்டுவிடாதீர்கள்

தம்பி, வெளிநாட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, ராத்திரி படுத்தால் நெஞ்சு இறுகிப் பிடிக்கிறது, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது, இதற்குப் போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் சிரிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். சிரிக்க மாட்டார்கள். எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் பொதுவாகவே சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை, புதிதாக வருகிறவர்களோடு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து பழகியவன், அவ்வளவுதான்.

நெஞ்சில் பாரம் வைத்து அழுத்துகிற மாதிரி இருந்து சில நிமிஷத்தில் விடவில்லை, அல்லது போய்ப் போய்த் திரும்பி வருகிறது, கூடவே கை, தோள்பட்டை, தாடை, முதுகு என்று பரவுகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே குப்பென்று வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, குமட்டுகிறது, தலை சுற்றுகிறது என்றால் அது யோசிக்கிற நேரம் இல்லை. எல்லாம் சேர்ந்து வரவேண்டும் என்றும் இல்லை. பெண்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் வலியே பெரிதாக இல்லாமல் மூச்சுத்திணறலும் அசதியும் மட்டும் வரலாம். ‘எனக்கு முப்பது வயசுதானே’ என்பதும் வேண்டாம், நம் தெற்காசிய ஆட்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில வருஷம் முன்னதாகவே வருகிறது.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, பிரிட்டனில் 999, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000, சிங்கப்பூரில் 995, அமீரகத்தில் 998. மொழி தடுமாறினாலும் ‘செஸ்ட் பெயின்’ என்பதையும் முகவரியையும் முதலில் சொல்லிவிடுங்கள். புது முகவரி பதற்றத்தில் ஞாபகத்துக்கு வராது, போனுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். போனில் பேசுகிறவர் ஆஸ்பிரின் மாத்திரையை மென்று சாப்பிடச் சொன்னால், அலர்ஜியோ ரத்தக்கசிவுப் பிரச்சினையோ இருந்தால் உடனே சொல்ல வேண்டும். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், வழியில் இதயத் துடிப்பு தாறுமாறானால் அதிர்ச்சி கொடுத்து மீட்கிற கருவி ஆம்புலன்ஸில்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் ஒரு விஷயம் நம்மவர்களுக்கு எரிச்சலைக் கிளப்பும். ஈசிஜி நார்மல் என்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், அப்புறம் மணிக்கணக்கில் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். கவனிக்கவில்லை என்று கோபப்பட்டுக் கிளம்பி வந்தவர்கள் உண்டு. இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் அதைக் காட்டிக்கொடுக்கிற ட்ரோபோனின் என்ற புரதம் ஏறுவதற்கே சில மணி நேரம் ஆகும், அதனால்தான் இரண்டாவது முறை ரத்தம் எடுக்கிறார்கள். முதல் ஈசிஜியை வைத்து எல்லாம் சரி என்று முடிவு கட்ட முடியாது.

உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது அந்த மூன்று வாரம்தான். பல மணி நேரம் காலை நீட்டாமல் விமானத்தில் வந்திருப்பீர்கள். அப்படி உட்கார்ந்தே வந்தவர்களுக்குக் கெண்டைக்காலில் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைப்பது உண்டு, இறங்கிச் சில வாரம் கழித்தும் வரலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறதா, மூச்சை இழுத்தால் சுருக்கென்று குத்துகிறதா, இருமலில் ரத்தம் தெரிகிறதா பாருங்கள். நெஞ்சு இறுக்கத்தோடு இதில் ஒன்று இருந்தாலும், அல்லது திடீரென்று மூச்சு வாங்கினாலும், காலை வரை காத்திருக்காமல் கூப்பிடுங்கள்.

இவை எதுவும் இல்லை, படுத்தால் மட்டும்தான் வருகிறது என்றால் காரணம் சாதாரணமாகவும் இருக்கலாம். வேலை முடிந்து வந்து சாப்பிட்ட கையோடு படுத்தால் அமிலம் மேலே ஏறி எரியும். அறைச் சுவரில் ஈரத்தில் கறுப்புப் பூஞ்சை பிடித்திருந்தால் அதுவரை இல்லாத ஆஸ்துமாகூட எட்டிப் பார்க்கும், விடியற்காலையில் நெஞ்சு இறுகி விசில் மாதிரி சத்தம் வரும். வீட்டு நினைப்பு, கடன், விசா என்று தனியாகக் கிடந்து யோசித்தாலும் படபடத்து, வேகவேகமாக மூச்சு விட்டு, விரல் நுனி மரத்துப் போகும், பெரும்பாலும் பத்து நிமிஷத்தில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். ஆனால் இது பதற்றம்தான், இது கேஸ்தான் என்கிற முடிவை டாக்டர் எடுக்கட்டும், அறைத் தோழர் எடுக்க வேண்டாம். எங்களோடு தங்கியிருந்த ஒருவர் மாடிப்படி ஏறினால் தாடை வலிக்கிறது, நின்றால் போய்விடுகிறது என்று பல்வலி மாத்திரையாகப் போட்டுக்கொண்டிருந்தார். இதய ரத்தக்குழாயில் அடைப்பு.

நாளைக்கே பக்கத்து கிளினிக்கில் பெயர் பதிந்து முதல் கிடைக்கிற நேரத்தை வாங்குங்கள். எப்போது வருகிறது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எத்தனை நிமிஷம் இருந்தது, நடந்தால் கூடுகிறதா, குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள், டாக்டர் கேட்பது இவைதான். பல நாடுகளில் போன் வழியாக மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார், நேரம் வாங்கும்போதே கேளுங்கள். இன்று ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போடாமல் படுங்கள், பக்கத்து அறையில் இருப்பவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.