அம்மாவை இல்லத்தில் விடப்போற தம்பிக்கு

லண்டன் வந்து மூணு மாசம் ஆச்சு, மதுரையில அம்மாவுக்கு டிமென்ஷியாங்கிற மறதி நோய், அக்கா முதியோர் இல்லத்துல சேர்க்கலாம்ங்கிறாங்க, சம்மதிக்கவா, இங்க வாடகை எங்க கம்மின்னு கேட்டிருந்தீங்க. வாடகையை ஈஸ்ட் ஹாம்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அம்மா விஷயத்துக்கு வாரேன்.

அக்கா சொல்றதை நம்புங்க, தம்பி. ராத்திரி கதவைத் திறந்துக்கிட்டுப் போற அம்மாவைத் தெருத்தெருவாத் தேடுறவங்க அவங்கதான். சேர்த்த பிறகும் அவங்க பாடு குறையாது. போறப்பல்லாம் அம்மா "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ"ன்னு அழுவாங்க. சொந்தக்காரங்க "பெத்தவளைக் கொண்டுபோய்த் தள்ளிட்டா"ன்னு வைவாங்க. அந்த ஏச்சை நீங்க வாங்கிக்கங்க. பெரியப்பா, மாமா எல்லாருக்கும் நீங்களே போன் போட்டு, இது என் முடிவும்தான்னு சொல்லுங்க. இங்க நம்மாளுக நிறையப் பேர் பணம் அனுப்புறதோட சரி. சித்திரைத் திருவிழாவுக்குப் போயி, அம்மா மெலிஞ்சுட்டாங்கன்னு கூடப்பொறந்தவ மேல பாய்ஞ்சுட்டு பிளைட் ஏறிருவாங்க. எனக்கு அது ஆகவே ஆகாது.

அம்மாவோட பணம், சொத்தை அவங்க சார்பாப் பாத்துக்க பவர் எழுதி வாங்கினாப் போதும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. இங்கிலாந்துல நினைவு போன பிறகும் செல்லுற பவர் இருக்கு. நம்ம ஊர்ல 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவங்க புத்தி தவறிட்டா பவரும் போச்சு. அப்புறம் காப்பாளரா நியமிக்கச் சொல்லி ஐகோர்ட் மதுரைக் கிளைக்கு அலையணும். அம்மா தெளிவா இருக்கப்பவே வக்கீலைப் பாருங்க.

இல்லத்தைச் சாயங்காலம் ஆறு மணிக்குப் போயிப் பாக்கச் சொல்லுங்க. பொழுது சாயுறப்பதான் இந்த மறதி நோய் உள்ளவங்கள்ல பலருக்குப் படபடப்பு கூடும். அப்பக் கையைப் பிடிச்சு நடத்த ஆள் இருக்கா, மாத்திரையைக் கொடுத்துப் படுக்க வைக்கிறாங்களான்னு அப்பத்தான் தெரியும். மனநோய்க்குக் கொடுக்குற சில மாத்திரைகள் இவங்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும். என்ன மாத்திரை, யார் எழுதினதுன்னு சீட்டைக் கேக்கணும்.

எங்க அம்மா சௌராஷ்ட்ரம் பேசுறவங்க. போகப்போகத் தமிழ் மறந்து, வீட்டுப் பேச்சு மட்டும் மிஞ்சுச்சு. தண்ணி கேட்டா இல்லத்துப் பொண்ணுகளுக்குப் புரியல, அடம்பிடிக்கிறாங்கன்னாங்க. தங்கச்சி தண்ணி, வலி, பசின்னு தேவையான வார்த்தைகளைத் தமிழ் எழுத்துல எழுதிக் கட்டில் பக்கம் ஒட்டுனா. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணுகளே அம்மாகிட்ட சௌராஷ்ட்ரத்துல பேச ஆரம்பிச்சாங்க. நான் வந்த புதுசுல போன் கார்டு வாங்கிக் குளிர்ல பூத்துல நின்னு பேசுவேன். கார்டு தீருற வரைக்கும் அம்மா விடாமப் பேசுவாங்க, தெருவுல யார் வீட்டுல என்ன கல்யாணம்னு ஒண்ணு விடாம.

உங்களுக்கு லீவு கிடைக்கிறப்ப ரெண்டு வாரம் போயி அம்மாவை நீங்க பாத்துக்கங்க. அக்காவைக் கொடைக்கானலுக்கு அனுப்பி வைங்க.